காசுக்கும் எடை உண்டு: டி அண்டு டி ஆட்டத்தில் புதையலைச் சுமப்பது

டி அண்டு டி என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையாக ஆடும் ஆட்டம்; அதை நடத்துபவர் டிஎம். அப்படி ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: "டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம், நான்தான் டிஎம். நாலு பேர் குழு, ஏழாம் லெவல். ஒரு இளம் பச்சை டிராகனைக் கொன்றதும் 'எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போறோம்' என்று முடித்துவிட்டார்கள். ஊர் காட்டு வழியாக இரண்டு நாள் நடை. காசின் எடையைக் கணக்கில் எடுக்க வேண்டுமா? எடுத்தால் ஆட்டம் கணக்கு வகுப்பாக மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது."

எடுக்க வேண்டும். ஆனால் எல்லா நேரமும் அல்ல. காசின் எடை ஆட்டத்துக்கு உண்மையிலேயே உதவுவது ஒரு இடத்தில்தான்: புதையலின் முன்னால் நின்று, எதை எடுப்பது, எதை விட்டுப்போவது என்று குழு முடிவெடுக்கும் நேரத்தில். அங்கே கறாராக இருங்கள். கடைவீதியில் சுற்றும்போதும் சத்திரத்தில் சாப்பிடும்போதும் யார் பையில் எத்தனை காசு என்று கேட்கவே தேவையில்லை. இதை மட்டும் கடைப்பிடித்தால் கணக்கு ஒரு செஷனில் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாது, அந்த ஐந்து நிமிடமும் நல்ல ஆட்டமாக இருக்கும்.

இந்த விதி எதற்காக வந்தது என்று தெரிந்தால் எங்கே பிடிக்கலாம், எங்கே விடலாம் என்பது தானாகப் புரியும். 1974-ல் வந்த முதல் பதிப்பில் சுமையை அளக்கும் அலகே தங்கக் காசுதான். தோல் கவசம் 250 காசு எடை, செயின் மெயில் 500, பிளேட் 750 என்றுதான் பட்டியல் போட்டிருந்தார்கள். 1981-ல் வந்த பேசிக், எக்ஸ்பர்ட் தொகுப்புகளிலும் அதே வழக்கம்: பத்துக் காசு ஒரு பவுண்டு, ஒரு ஆள் சுமக்கக்கூடிய உச்சம் 1,600 காசு. 400 காசு எடை வரை இருந்தால் பத்து நிமிட டர்ன் ஒன்றுக்கு 120 அடி போகலாம். 600 வரை 90 அடி, 800 வரை 60, அதற்கு மேல் 30.

1981 பட்டியலில் பிளேட் கவசம் 500, கேடயம் 100, வாள் 60, மற்ற சாமான்கள் எல்லாம் சேர்த்து 80. ஆக, வாசலில் நுழையும்போதே ஒரு வீரன் 740 காசு எடையோடு 60 அடி வேகத்தில்தான் இருப்பான். இன்னும் அறுபது காசு எடுத்தால் வரம்பு நிறைந்துவிடும். அதைத் தாண்டினால் வேகம் பாதியாகும். வேகம் குறைந்தால் வெளியே வர டர்ன் கூடும். இரண்டு டர்னுக்கு ஒருமுறை டிஎம் ஒரு ஆறுமுகப் பகடையை உருட்டுவார். ஒன்று விழுந்தால் எங்கிருந்தோ ஒரு பூதம் வந்து நிற்கும். அதனால் கூடுதலாக எடுத்த ஒவ்வொரு காசும் கூடுதல் ஆபத்து. அந்த ஆட்டத்தின் உயிர் இந்தச் சங்கிலியில் இருந்தது.

இன்னொரு கொக்கியும் உண்டு. அந்தப் பதிப்புகளில் ஊருக்குப் பத்திரமாகக் கொண்டுவந்த ஒரு தங்கக் காசுக்கு ஒரு எக்ஸ்பீரியன்ஸ் பாயின்ட். வீரன் இரண்டாம் லெவலுக்குப் போக 2,000 பாயின்ட் வேண்டும். ஆனால் அவனால் சுமக்க முடிந்தது மொத்தமே 1,600 காசு எடைதான், அதிலும் கவசமும் சாமான்களும் கிட்டத்தட்டப் பாதியை அடைத்துக்கொள்ளும். அப்படியென்றால் ஒருவன் லெவல் ஏறத் தேவையான தங்கத்தை ஒரே நடையில் அவனால் தூக்கிவர முடியாது. கோவேறு கழுதை, கூலியாள், இரண்டு மூன்று நடை, ரத்தினக் கல் மேல் ஆசை, எதிரிக்குத் தெரியாமல் புதைத்துவைத்துவிட்டு வருவது என்று அந்தக் காலத்து ஆட்டங்களில் வருகிற அத்தனை வழக்கங்களும் இந்த ஒரு இறுக்கத்திலிருந்து பிறந்தவை. துரத்தும்போது காசைக் கீழே கொட்டிவிட்டு ஓடலாம் என்று கூட விதி இருந்தது. அறிவுள்ள எதிரியாக இருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பில் நின்று பொறுக்கும்.

பத்துக் காசு ஒரு பவுண்டு என்றால் ஒரு காசு 45 கிராம். நம் கணக்கில் ஐந்தரைப் பவுனுக்கு மேல். உலகத்தில் கையில் புழங்கிய தங்கக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கனத்தில் இருந்ததில்லை. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ஐம்பது காசு ஒரு பவுண்டு என்று மாற்றினார்கள். ஐந்தாம் பதிப்பிலும் அதுதான். இப்போது ஒரு காசு 9 கிராம், ஒரு பவுனைவிடக் கொஞ்சம் கூட. அகஸ்டஸ் காலத்து ரோமானிய ஔரியஸ் ஏறக்குறைய 8 கிராம் என்பதால் இது நம்பக்கூடிய அளவு. ஃப்ளோரன்ஸ் நகரம் 1252-ல் அடிக்கத் தொடங்கிய ஃப்ளோரின் மூன்றரை கிராம்தான்; உங்கள் உலகம் இத்தாலிய வணிக நகரங்கள் போன்றது என்றால் ஒரு பவுண்டுக்கு 130 காசு என்றுகூட வைத்துக்கொள்ளலாம். நான் அப்படி வைப்பதில்லை. ஐம்பது என்பது மனக்கணக்குக்கு எளிது, மேசையில் அதுதான் முக்கியம்.

ஆனால் எடை குறைந்தது மட்டுமல்ல, காசுக்குக் கிடைத்த எக்ஸ்பீரியன்ஸும் காலப்போக்கில் போய்விட்டது. சங்கிலியின் ஒரு முனை அறுந்துவிட்டது. அதனால்தான் இன்று பலருக்கு எடை விதி வெறும் தொல்லையாகத் தெரிகிறது. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உங்கள் கதை அரண்மனைச் சூழ்ச்சியைச் சுற்றி நடக்கிறது, பணம் ஒரு பொருட்டே இல்லை என்றால் இந்த விதியைத் தாராளமாகத் தூக்கிப் போடலாம். ஆனால் டிராகன் குகைக்குள் ஆட்களை அனுப்புகிறீர்கள் என்றால் புதையல்தானே பரிசு? அதற்குக் கனம் இருந்தால்தான் பரிசு மாதிரி இருக்கும்.

சரி, உங்கள் டிராகனுக்கு வருவோம். ஏழாம் லெவல் குழு, டிராகனின் சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் பலத்தைக் காட்டும் எண்) 8. 2014 டிஎம் கையேட்டில் இந்த நிலைக்கான புதையல் அட்டவணையைச் சராசரியாக எடுத்தால் 700 செப்புக் காசு, 7,000 வெள்ளி, 2,100 தங்கம், 105 பிளாட்டினம் வரும். மொத்த மதிப்பு 3,857 தங்கக் காசு. மொத்த எடை 198 பவுண்டு. இதில் வெள்ளி மட்டும் 140 பவுண்டு; எடையில் பத்துக்கு ஏழு பங்கு, மதிப்பில் பத்துக்கு இரண்டு பங்குகூட இல்லை. தங்கமும் பிளாட்டினமும் சேர்ந்து 44 பவுண்டுதான், ஆனால் 3,150 தங்கக் காசு பெறும். முடிவெடுக்க வேண்டிய இடம் வெள்ளி. இந்த நிலையில் உள்ள பெரும்பாலான புதையல்களிலும் இப்படித்தான். செப்பை யாரும் சீந்தமாட்டார்கள், தங்கத்தை யாரும் விடமாட்டார்கள், சண்டையெல்லாம் வெள்ளிக்குத்தான்.

இப்போது ஆட்கள். உங்கள் குழுவின் கேரக்டர் ஷீட் என்னிடம் இல்லை, அதனால் வழக்கமான நால்வரை எடுத்துக்கொள்கிறேன். எல்லோர் முதுகிலும் எக்ஸ்ப்ளோரர்ஸ் பேக் என்ற பயணச் சாமான் மூட்டை, 59 பவுண்டு. ஸ்ட்ரெங்த் (உடல் வலிமை எண்) 16 உள்ள ஃபைட்டர் (போர்வீரன்): செயின் மெயில் 55, கேடயம் 6, லாங்சோர்டு 3, பையோடு 123. ஸ்ட்ரெங்த் 14 உள்ள கிளெரிக் (பூசாரி): ஸ்கேல் மெயில், கேடயம், தண்டாயுதம், புனிதச் சின்னம், பை, ஆக 115. ஸ்ட்ரெங்த் 10 உள்ள ரோக் (திருடன்): 78. ஸ்ட்ரெங்த் 8 உள்ள விஸார்டு (மந்திரவாதி): 68.

ஐந்தாம் பதிப்பின் சாதாரண விதி, ஸ்ட்ரெங்த்தைப் பதினைந்தால் பெருக்கினால் வருகிற பவுண்டு வரை சுமக்கலாம் என்கிறது. அப்படிப் பார்த்தால் நாலு பேரிடமும் இன்னும் 336 பவுண்டுக்கு இடம் இருக்கிறது. டிராகனின் காசு முழுவதையும் அள்ளிக்கொண்டு விசில் அடித்துக்கொண்டு போகலாம். உங்கள் ஆட்கள் சொன்னது விதிப்படி சரிதான். இதைச் சொல்லாமல் "அது எப்படி முடியும்" என்று நீங்கள் பாதியில் மறித்தால் அவர்களுக்குக் கோபம் வரும், வருவது நியாயம்.

2014-ல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஒரு மாற்று விதியும் உண்டு. ஸ்ட்ரெங்த்தின் ஐந்து மடங்கைத் தாண்டினால் வேகம் 10 அடி குறையும். பத்து மடங்கைத் தாண்டினால் 20 அடி குறையும், அதோடு ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) சார்ந்த தாக்குதல், சோதனை, சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்பும் உருட்டல்) எல்லாவற்றுக்கும் டிஸட்வான்டேஜ் (பகடையை இருமுறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). இதை அப்படியே போட்டால் இன்னொரு சிக்கல்: மேலே சொன்ன நாலு பேருமே ஒரு காசு எடுப்பதற்கு முன்பே ஐந்து மடங்கைத் தாண்டியவர்கள். கிளம்பும்போதே நொண்டிக்கொண்டு கிளம்புவார்கள். புத்தகம் விற்கிற சாமான் மூட்டையைத்தான் அவர்கள் சுமக்கிறார்கள், அதற்குப் போய் தண்டிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே என் பரிந்துரை: ஐந்து மடங்கு வரம்பை மறந்துவிடுங்கள். பத்து மடங்கை மட்டும் வையுங்கள். அதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. அதைத் தாண்டினால் முழுத் தண்டனை. ஒவ்வொருவரும் ஷீட்டில் எழுத வேண்டியது ஒரே எண், "இன்னும் எத்தனை பவுண்டு". அந்த எண்ணைச் சாமான் மாறும்போது மட்டும் திருத்தினால் போதும்.

இப்படிப் போட்டால் என்ன ஆகிறது பாருங்கள். ஃபைட்டருக்கு 37 பவுண்டு இடம், கிளெரிக்குக்கு 25, ரோக்குக்கு 22, விஸார்டுக்கு 12. மொத்தம் 96. தங்கமும் பிளாட்டினமும் 44 போக 52 பவுண்டு மிச்சம். அதில் 2,600 வெள்ளி போகும். 4,400 வெள்ளியும் 700 செப்பும் தரையில் கிடக்கும். மதிப்பு 447 தங்கக் காசு. விட்டுப்போக மனம் வராத தொகை, அதே நேரம் உயிரைக் கொடுக்கிற தொகையும் இல்லை. நல்ல கேள்வி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் பையைத் திறந்து பார்ப்பார். அதற்காகத்தான் இவ்வளவும். எக்ஸ்ப்ளோரர்ஸ் பேக்கில் பத்து நாள் சாப்பாடு இருக்கிறது, நாளுக்கு இரண்டு பவுண்டு. ஊர் இரண்டே நாள். எட்டு நாள் சாப்பாட்டைக் கொட்டினால் 16 பவுண்டு. பத்துத் தீவட்டி, 10 பவுண்டு. அதன் விலை பத்துச் செப்புக் காசு, அந்த எடைக்கு வெள்ளி எடுத்தால் 50 தங்கம். ஆளுக்கு 26 பவுண்டு, நாலு பேருக்கு 104. தரையில் கிடப்பது 102 பவுண்டு. கச்சிதமாக அடங்கிவிடுகிறது! செப்பு உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் கையில் வெளிச்சம் கிடையாது, இரண்டு நாளுக்கு மேல் ஒரு வேளைச் சோறு கிடையாது. பாலம் உடைந்திருந்தால்? ஆற்றில் வெள்ளம் வந்திருந்தால்? டிராகனுக்கு இணை ஒன்று இருந்தால்? டிஎம் ஒரு வார்த்தை மிரட்டத் தேவையில்லை. "சரி, போகலாம்" என்று சொன்னவுடன் அவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். என் மேசையில் இதே மாதிரி ஒரு நிலையில் விஸார்டு ஆடியவர் படுக்கைச் சுருளைத் தூக்கி எறிந்தார், ஏழு பவுண்டு. அன்று இரவு மழை பெய்வதாக நான் சொன்னபோது அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் அது தைத்தது. எடை விதி இல்லாவிட்டால் அந்தப் படுக்கை ஷீட்டில் ஒரு சொல்லாகவே இருந்திருக்கும்.

எடையைப் பற்றிப் பேசும்போது கொள்ளளவையும் ஒருமுறை யோசித்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் காட்சியை விவரிக்கும்போது அது கைகொடுக்கும். தங்கம் தண்ணீரைவிட 19.3 மடங்கு கனம். காசுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைக் கழித்து நூற்றுக்கு அறுபது பங்கு உலோகம் என்று வைத்தால் ஒரு லிட்டர் தங்கக் காசு பதினொன்றரை கிலோவுக்கு மேல். ஐந்தாம் பதிப்பின் பெட்டி 12 கன அடி, 300 பவுண்டு தாங்கும். 300 பவுண்டுக்கு 15,000 காசு. பெட்டி நாலடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்றால் அந்தப் பதினைந்தாயிரம் காசும் அடியில் ஒன்றரை செ.மீ. உயரத்துக்குத்தான் நிற்கும். வாய் வரை தங்கம் நிறைந்த பெட்டி என்றால் அது கிட்டத்தட்ட நாலு டன். படங்களில் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடுகிற அந்தப் பெட்டியை ஒரு லாரிதான் இழுக்க வேண்டும்.

டிராகன் படுக்கையும் அப்படியே. மிக உயர்ந்த நிலைப் புதையலின் சராசரி 42,000 தங்கம், 28,000 பிளாட்டினம். எடை 1,400 பவுண்டு, அதாவது 635 கிலோ. ஆனால் அளவு? ஐம்பது லிட்டர் சொச்சம். வீட்டில் போடுகிற 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டரை. ஒரு பழம்பெரும் டிராகன் அதன்மேல் படுக்க முடியாது. படுக்கை வேண்டும் என்றால் அதே மதிப்பைச் செப்பாக மாற்றுங்கள்: மூன்று கோடியே இருபத்திரண்டு லட்சம் காசு, 292 டன், 54 கன மீட்டர். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் குகைத் தரையில் அரை மீட்டருக்கு மேல் உயரம். அது படுக்கை. பார்த்த மாத்திரத்தில் மூச்சு நிற்கும், ஆனால் மூட்டையில் கட்டினால் ஒன்றும் பெறாது. உயர்ந்த லெவல் குழுவுக்கு இதைவிட நல்ல புதையல் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அதை எடுக்க ஒரு சாலை போட வேண்டும், வண்டிகள் வேண்டும், காவல் வேண்டும். ஒரு சுரங்கத் தொழிலையே தொடங்க வேண்டும்.

சுமப்பதற்கு உதவி என்னென்ன என்று ஆடுபவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள். இதை மறைத்துவைத்து ஆடுவது தவறு. அவர்களுடைய கதாபாத்திரங்கள் அந்த உலகத்திலேயே வளர்ந்தவர்கள், கழுதை என்ற ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியும். கோவேறு கழுதை 8 தங்கம், 420 பவுண்டு சுமக்கும். 15 தங்கத்துக்கு ஒரு வண்டி வாங்கிப் பூட்டினால் அதே கழுதை வண்டியின் எடையோடு சேர்த்து ஐந்து மடங்கு இழுக்கும். 2,100 பவுண்டு, வண்டி 200 போக 1,900 பவுண்டு காசு. பார்க்க எவ்வளவு சல்லிசு! ஆனால் கழுதை குகைக்குள் ஏணியில் இறங்காது, காட்டுப் பாதையில் வண்டி போகாது, வெளியே கட்டிவைத்தால் ஓநாய் தின்னும். பார்த்துக்கொள்ள ஒரு கூலியாள் வேண்டும், நாளுக்கு இரண்டு வெள்ளிதான், ஆனால் அவன் பயந்து ஓடிவிடலாம், அல்லது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தபின் ஓடாமலும் இருக்கலாம்.

விஸார்டிடம் டென்சர்ஸ் ஃப்ளோட்டிங் டிஸ்க் என்ற மிதக்கும் தட்டு மந்திரம் இருந்தால் 500 பவுண்டு ஒரு மணி நேரம் மிதந்து வரும். ரிச்சுவலாக, அதாவது பொறுமையாகச் சடங்குபோல், போட்டால் அன்றைய மந்திர இருப்பான ஸ்பெல் ஸ்லாட்கூடப் போகாது. மந்திரப் புத்தகத்தில் பலரும் சீண்டாத ஒரு மந்திரம் அன்று கதாநாயகன் ஆகும். பத்தடி உயர மாற்றத்தை அது தாண்டாது என்பதால் குகையின் வரைபடம் திடீரென்று முக்கியமாகிவிடும். பேக் ஆஃப் ஹோல்டிங் என்ற மந்திரப் பையும் 500 பவுண்டுதான், அதாவது 25,000 காசு. கூடப் போட்டால் கிழிந்து எல்லாம் ஆஸ்ட்ரல் வெளியில் சிதறும். அந்தப் பையைக் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை: அது குழுவின் கைக்கு வந்த நாளிலிருந்து காசின் எடை உங்கள் ஆட்டத்தில் நீண்ட காலத்துக்குப் பேச்சிலேயே வராது. கொடுக்கக் கூடாது என்றில்லை. சுமை பற்றிய கதைகள் போதும் என்று தோன்றும்போது கொடுங்கள். பகடையில் விழுந்தது என்பதற்காக மூன்றாம் லெவலில் கொடுத்துவிடாதீர்கள்.

கனத்தைக் குறைக்கும் பழைய வழி ரத்தினம். ஐந்தாயிரம் தங்கக் காசு என்றால் நூறு பவுண்டு. அதே விலைக்கு ஒரு வைரம் மடியில் முடிந்துகொள்ளலாம். ஆனால் சிற்றூரில் அந்த வைரத்துக்குச் சில்லறை கொடுக்க யாரும் இல்லை. இறந்தவரை எழுப்பும் மந்திரங்களுக்கு வைரம் தேவை, ரிவைவிஃபைக்கு 300 தங்கம் பெறும் வைரம், ரெய்ஸ் டெட்டுக்கு 500, என்பதால் கிளெரிக் அதைக் கண்டால் விடமாட்டார். அப்படிப் பணம் தானாகவே வேறு பொருளாக மாறத் தொடங்கும்.

வங்கியும் இப்படித்தான் பிறக்கும். சுவீடன் நாட்டில் 1644-ல் பத்து தாலர் (அந்நாட்டின் அன்றைய பணம்) மதிப்புள்ள செப்புத் தகடுகளைப் பணமாக அடித்தார்கள். ஒரு தகடு 19 கிலோவுக்கு மேல். அப்படிப்பட்ட பணத்தைத் தூக்கிக்கொண்டு எந்தச் சந்தைக்குப் போவது? 1661-ல் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கி காகித நோட்டு வெளியிட்டது, ஐரோப்பாவில் அதுதான் முதல். நம்மூரில் நகரத்தார் பர்மாவரை உண்டியல் எழுதிக் கொடுக்கல் வாங்கல் நடத்தியதிலும் மூட்டை கட்டித் தூக்குகிற கஷ்டம் மிச்சமானது. உங்கள் உலகத்தில் குள்ளர்களின் வட்டிக்கடை ஒன்று காகிதம் எழுதிக் கொடுக்கட்டும், நூற்றுக்கு இரண்டு கமிஷன் பிடிக்கட்டும். அந்தக் காகிதம் எந்த ஊரில் செல்லும், எந்த ஊரில் செல்லாது என்பதிலிருந்தே ஒரு அரசியல் வரைபடம் உருவாகும்.

பவுண்டு கணக்கே வேண்டாம் என்றால் மற்ற ஆட்டங்களின் வழியைக் கடன் வாங்கலாம். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் ஆயிரம் காசு ஒரு பல்க் (அங்கே சுமையின் அலகு). ஐந்தோடு ஸ்ட்ரெங்த் மாடிஃபையரைக் கூட்டினால் வருகிற பல்க்கைத் தாண்டியதும் தடுமாற்றம். வேகமானது, ஆனால் காசு அங்கே ரொம்ப லேசு. ஷேடோடார்க்கில் ஸ்ட்ரெங்த் அல்லது பத்து, எது அதிகமோ அத்தனை ஸ்லாட் (சாமான் வைக்கும் இடம்). முதல் நூறு காசு இலவசம், அதற்கு மேல் நூறுக்கு ஒரு ஸ்லாட். என்னைக் கேட்டால் புதையல் வேட்டை ஆட்டத்துக்கு இதுதான் மிகச் சிறந்தது. பார்த்தவுடன் புரியும், உடனே வலிக்கும். கர்ப்ஸ் ஆட்டத்தில் ஸ்ட்ரெங்த்தின் வர்க்கத்தை ஐந்தால் வகுத்து அடிப்படைச் சுமை கண்டுபிடிப்பார்கள். அந்த மனநிலை உள்ள குழுவுக்கு மட்டும்.

ஐந்தாம் பதிப்பிலேயே இருந்துகொண்டு இன்னும் எளிதாக்க நான் செய்வது, காசை மூட்டையாக எண்ணுவது. 500 காசு ஒரு மூட்டை, பத்து பவுண்டு. மேசையில் பழைய பட்டன்களோ சோழிகளோ வைத்து ஒரு மூட்டைக்கு ஒன்று என்று அவரவர் முன்னால் வைத்துவிடலாம். மூட்டை கையில் இருக்கிறதா முதுகில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். சண்டை தொடங்கியதும் கீழே போடுவதற்கு ஆக்‌ஷன் செலவு வேண்டாம், ஆனால் எந்த இடத்தில் போட்டார் என்பதை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஓட வேண்டி வந்தால் அந்தச் சோழி அங்கேயே கிடக்கும். அதை எடுக்கத் திரும்பி ஓடலாமா என்று ஒருவர் யோசிக்கும் அந்த ஒரு நொடிக்காக இந்த ஏற்பாடு முழுவதையும் செய்யலாம்.

அடுத்த செஷனில் என்ன செய்வது? ஏற்கெனவே "எடுத்துக்கொண்டோம்" என்று சொல்லியாகிவிட்டது, அதைப் பின்னோக்கி மாற்றாதீர்கள். தொடங்கும் முன் விதியைச் சொல்லுங்கள்: பத்து மடங்கு வரம்பு, 500 காசுக்கு ஒரு மூட்டை, இனிமேல் இப்படி. குகையைவிட்டு இன்னும் கிளம்பவில்லை என்றால் இந்தப் புதையலையே அந்த விதியில் மறுபடி பிரிக்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை இருக்கும். வெள்ளியில் ஒரு பகுதியை மறைத்துவைத்துவிட்டுப் போகிறோம் என்று சொன்னால் எங்கே, எப்படி, யார் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். இரண்டு நாள் போக, இரண்டு நாள் வர, நாலு நாள். டிராகன் செத்த செய்தி காட்டில் பரவ ஒரு நாள் போதும். நாளுக்கு ஒருமுறை ஒரு ஆறுமுகப் பகடை உருட்டுங்கள். ஒன்று விழுந்தால் கோபோல்டுகள் (பல்லி போன்ற குட்டிப் பூதங்கள்) குகைக்குள் வந்துவிட்டன, 4,400 வெள்ளியும் அவற்றின் முதுகில் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு கோபோல்டின் ஸ்ட்ரெங்த் 7. இதே விதி அவற்றுக்கும் பொருந்தும் என்பதால் மெதுவாகத்தான் போகும், வழியெல்லாம் தடம் இருக்கும்.